முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறவர்

ஊசி குத்துவதற்கு முன்னால் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ரத்தம் எடுக்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சர்க்கரையும் உண்டு, தைராய்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாக வேண்டும். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் அனுப்புவார்கள். அன்றைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரில், முதுகில் நீலப் பையோடு அவர் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கட்டையான உருவம், கழுத்தோடு வெட்டிய முடி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். வாசலில் நான் மாட்டியிருந்த 'தமிழ் டியூஷன்' பலகையைப் பார்த்துவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"டீச்சர், இப்ப குத்தப் போறேன். வலிக்கும். நான் மூணு எண்ணுற வரைக்கும் வலிக்கும். அப்புறம் இருக்காது."

மூன்று எண்ணினார். மூன்று வரைக்கும் வலித்தது.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டே எடுத்துடுவாங்க," என்றேன்.

"அது ஏமாத்து டீச்சர். கையி உங்களுது. உங்களுக்கே தெரியாம அத்த குத்துறது இன்னா நியாயம்?"

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதிய புத்தகங்களின் அட்டையில் இருப்பதும் அவருடைய பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்கிற நிலையிலும் நான் இப்போது இல்லை.

எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவருக்கு ஒரு குணம் என்பதைவிட, வியாதி என்றே முதலில் நினைத்தேன். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வரிசை வீடு ஒன்றில் இருந்தார். அந்த வரிசையில் யாரும் அவரோடு உட்கார்ந்து டிவியில் படம் பார்க்க மாட்டார்களாம். "இந்த ஆளு இன்டர்வெல்லுக்கு அப்புறம் செத்துடுவான், இப்பவே மனசத் தேத்திக்கோங்கன்னு சொல்லிடுவேன். பக்கத்து வீட்டம்மா ரிமோட்ட எடுத்துக்கினு எழுந்து போயிடும்," என்று சொல்லி அவரே சிரிப்பார்.

இரண்டாவது முறை வந்தபோது, பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே, "டீச்சர், நான் ஒருத்தங்களோட சேந்து வாழறேன். பதினாறு வருஷமா. பின்னாடி யாராவது வந்து உங்க கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்," என்றார். இன்னொரு பெண்மணி, தையல் ஆலையில் வேலை செய்கிறவர். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பெங்களூர்ல வாடகை இருக்கிற இருப்புக்கு ரெண்டு பேரா இருக்கிறதுதான் நல்லது," என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழாயில் என் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு போனார். அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

நான் டியூஷன் எடுக்காத நேரத்தில் சின்னப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பேன். மேசையில் சிவப்பு மையோடு கிடந்த தாள்களை அவர் ஒருநாள் குனிந்து பார்த்தார்.

"செவப்பா இருக்கிறதெல்லாம் தப்பா டீச்சர்?"

"தப்பு இருந்த இடம்."

"எனக்கும் பாத்துக் குடுப்பீங்களா? நானும் கொஞ்சம் எழுதறேன்."

அந்தக் 'கொஞ்சம்' அடுத்த வாரம் ஒரு கை கொள்ளாத கட்டாக வந்தது. ஆறு பாகமாக வரப்போகிற கதை; வந்தது முதல் பாகம். அதை ஏற்கெனவே அத்தியாயம் அத்தியாயமாக ஃபோனில் போட்டு, ஊர் பேர் தெரியாத பெண் பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டு, புத்தகமாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மண்ணுக்கு அடியில் ஒரு நகரம். அங்கே வெயில் கிடையாது. அதில் பிறந்தவள் இருளி. இருட்டில் கண் தெரிகிறவள். மேலே இருந்து வெயிலைக் குடுவையில் அடைத்துக்கொண்டுவந்து விற்கிறவள் வேனில்; ஆள் உயர வௌவால் ஒன்றின் மேலேறி வருவாள். கீழே வந்தவள் மூன்று நாளைக்கு மேல் தங்கக்கூடாது என்பது அந்த நகரத்துச் சட்டம். இருளியும் வேனிலும் அந்தச் சட்டத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆறு பாகமும்.

அவருடைய அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த நகரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கத் தேவைப்படவில்லை.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதையைப் படித்தால் எழுத்து தப்பிவிடும். ஆகவே கதையைப் படிக்க மாட்டோம். சொல் சொல்லாகப் பார்த்துக்கொண்டு போவோம். மூன்றாம் பாகத்தில் இருளி வேனிலைக் கட்டிக்கொண்டு முத்தமிடும் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். ஓரத்தில் 'சரி' என்று எழுதினேன். ஐந்து பாகத்தையும் நான் இப்படித்தான் திருத்தினேன். இரண்டு சிநேகிதிகளின் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அவர் சில வரிகள் எழுதுவார். இரண்டாம் பாகத்தில் இருந்தது இது: 'இந்தப் பாகத்தில் வேனிலின் வௌவால் இறந்துவிடும். பதினோராம் அத்தியாயம். வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம், கதை புரியும்.'

"இப்படிச் சொல்லிட்டா யாருங்க மேல படிப்பாங்க?" என்று நான் டீச்சராகக் கேட்டேன்.

"சொன்னாத்தான் படிப்பாங்க டீச்சர். சாவுமா சாவாதான்னு பதறிக்கினே போனா நடுவுல இருக்கிறது எதுவும் கண்ணுல படாது. எங்க ஊர்ல சுரங்கத்துல எதுனா ஆயிட்டா சங்கு ஊதும். யாருன்னு சொல்ல மாட்டாங்க. லைனு வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் வாசல்ல நின்னுக்கினு அவங்கவங்க ஆளுன்னு நெனச்சி அழுவாங்க. மொதல்லயே பேரச் சொல்லிட்டா ஒருத்திதான அழுவா? மிச்ச பேரு போயி சோறு வடிக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மகள் ஜெனியை அவர் பார்த்தது ஒரே ஒரு முறை. ஜெனிக்கு அப்போது டெங்கு. கோரமங்களாவில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். ஊசி என்றால் மயங்கி விழுகிற பெண். அவளிடம் போய், "நீ மயங்கி விழுவ. பரவால்ல. விழறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன். மொதல்ல படு, படுத்துக்கினு விழு," என்றார். ஜெனி சிரித்துவிட்டாள். அன்றைக்கு மயங்கவில்லை. அவர் போன பிறகு கேட்டாள்: "மம்மி, இருளிய எழுதறவங்க இவங்கதானா?"

என் மேசையில் இருந்த மெய்ப்புத் தாள்களை அவள் எனக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்து வைத்தது நான்தான்.

ஐந்தாம் பாகம் வெளிவந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கறி கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார், அன்றும் இல்லை. ஜெனி அடுக்களை வாசலில் நின்றாள்.

"மம்மி, இருளியும் வேனிலும் யாருன்னு நெனச்சிட்டு நீ திருத்துற?"

"ரெண்டு பேரும் சிநேகிதிங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். "அஞ்சு பாகம் மம்மி. அஞ்சு பாகம் திருத்தியிருக்க."

அப்புறம் சொன்னாள். தானும் அப்படித்தான் என்றாள். அவள் பெயர் சஹானா, கூட வேலை செய்கிறவள், இரண்டு வருடமாக என்றாள். நான் கறியைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "இதுக்கு உனக்கு ஏதோ பெரிய வியாதின்னு வந்து சொல்லியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்."

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் சொன்னேன்.

ஜெனி அழவில்லை. "கடைசி பாகம் உன் கிட்டதான வரும்? இந்த ஒரு தடவ திருத்தாத. படி. படிச்சிட்டு எங்கிட்ட பேசு. அதுவரைக்கும் நான் எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள். சொன்னபடியே கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று மாதம் உப்பு, சாவி, கரண்ட் பில் இவற்றைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாம் பாகம் வந்தது. அவரேதான் கொண்டுவந்தார். வழக்கம்போல, "உங்க கண்ணு பட்டா போதும் டீச்சர். நீங்க குடுத்தா அப்படியே பக்கம் கட்டறவருக்கு அனுப்பிடுவேன். நான் திரும்பிப் பாக்கறதில்ல," என்றார்.

முதல் பக்கத்தை எடுத்தேன். மூன்றே வரி.

'இந்தப் பாகத்தில் இருளியும் வேனிலும் சாக மாட்டார்கள். பிரியவும் மாட்டார்கள். ஒரே வீட்டில் வயதாவார்கள்.'

நான்கு நாளில் முழுவதும் படித்தேன், ஒரு எழுத்தையும் திருத்தாமல். என் வாழ்க்கையில் ஒரு மெய்ப்பை அப்படிப் படித்தது அதுதான் முதல் தடவை. படிக்கும்போது என் மனதில் என்ன ஓடியது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இருவரும் ஏறி வரும் கயிறு அறுபடுகிற இடத்தில், இங்கேயே இருவரும் விழுந்து செத்துவிடக்கூடாதா என்று நினைத்தேன். செத்தால் நான் ஜெனியிடம் போய், பார்த்தாயா, கதையில்கூட நடக்கவில்லை என்று சொல்லலாம். அவர்கள் சாகவில்லை. சுரங்கத்தின் வாயில், பாதி வீடு வெளிச்சத்திலும் பாதி வீடு இருட்டிலுமாக ஒரு வீடு கட்டிக்கொள்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் இருவருக்கும் முடி நரைத்திருக்கிறது. மிளகாயை யார் இடிப்பது என்று சண்டை போடுகிறார்கள்.

முந்நூறு பக்கத்தை நான் மாற்ற முடியாது. ஆனால் முதல் பக்கம் மூன்று வரிதானே.

ஜெனி பயமே இல்லாமல் இதைப் படிக்கக்கூடாது என்று தோன்றியது. எனக்கு அந்த மூன்று மாதமும் இருந்த பயத்தில் கொஞ்சமாவது, பக்கத்தைத் திருப்பும்போது அவளுக்கும் இருக்கட்டும். அப்படிப் பயந்தால் யோசிப்பாள் என்று ஒரு கணக்கு. அந்த மூன்று வரியின் மேல் சிவப்புக் கோடிழுத்து, ஓரத்தில் நீக்கச் சொல்லும் சுழியைப் போட்டேன். பிறகு மற்ற பக்கங்களை எப்போதும்போல ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

புத்தகம் ஒரு வியாழக்கிழமை கூரியரில் வந்தது. வியாழக்கிழமை எங்கள் பக்கம் கோயில் கூட்டத்தில் தெருவே நிரம்பிவிடும். கூரியர்காரர் வண்டியை எங்கோ விட்டுவிட்டு வேர்க்க வேர்க்க நடந்து வந்தார். ஜெனிதான் பிரித்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முதல் பக்கம்.

"மம்மி, அவங்க எழுதறது எங்க?"

"எது?"

"மொதல்ல சொல்லுவாங்கல்ல, என்ன ஆகும்னு."

"இந்தத் தடவ எழுதலையோ என்னவோ."

"அவங்க சொல்லாம இருக்க மாட்டாங்க." சட்டென்று நிமிர்ந்தாள். "நீ படிச்சல்ல? நீ சொல்லு. சாவாங்களா?"

ஒரு சொல் போதும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நீயே படிச்சுப் பாரு," என்றேன்.

சாவார்கள் என்று எடுத்துக்கொண்டவள்போல என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு நிம்மதியா இருக்கில்ல மம்மி," என்றாள். புத்தகத்தைத் திறக்காமல் மேசைமேல் வைத்தாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஃபோனில் ஒரு வரி வந்தது: 'நான் வரல. தேடாத.' திருப்பிக் கூப்பிட்டால் ஃபோன் அணைந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன்; ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறாள் என்றார்கள். சஹானாவின் நம்பர் என்னிடம் இல்லை. ஜெனி அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதித் தர வந்தபோது வேண்டாம் என்றிருந்தேன். அவளுடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த ஊரில் என் மகளைப் பற்றி நான் போய்க் கேட்கக்கூடியவர் யார் என்று யோசித்தால் ஒருவர்தான் இருந்தார்.

பஸ் பிடித்து ஒக்கலிபுரம் போனேன். ரயில் பாதைக்குக் கீழே போகிற வழியில் நடக்கும்போது தலைக்குமேல் வண்டி ஒன்று கடந்தது. ரயில்காரர் மனைவி நான். இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தம் எனக்குச் சோறு போடுகிற சத்தம். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன். தண்டவாளத்தின் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறை முழுக்கப் புத்தகக் கட்டுகள். அவர் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாக எடுத்து முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் நரைத்த ஒரு பெண்மணி அவற்றை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவா? போன்ல பேசியிருக்கோம்," என்று அந்தப் பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தார். போனில் அவரிடம் நான் 'நீங்க அவங்க சிஸ்டரா' என்று கேட்டிருக்கிறேன், இரண்டு முறை.

"வாங்க டீச்சர். மொத பக்கத்த பிரஸ்ல உட்டுட்டாங்க, பாத்தீங்களா? பொண்ணுங்க மெசேஜ் மேல மெசேஜ். அக்கா, சாவப் போறாங்களா, சொல்லிடுங்கன்னு. பாதிப் பேரு புக்கத் தொறக்கவே இல்ல. அதான் மிச்ச புக்குல கையில எழுதி அனுப்பறேன்."

பிரஸ். அவரே எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார். ஆமாம், இந்தக் காலத்தில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஜெனியைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"பிரஸ் இல்ல. நான்தான் கோடு போட்டு எடுத்தேன்," என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். ஜெனி வீட்டுக்கு வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். உறை ஒட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"டீச்சர், இப்ப உங்கள திட்டப் போறேன். ரெண்டு நிமிஷம் ஆவும். நடுவுல பேசாதீங்க."

தலையாட்டினேன்.

"நீங்க படிச்சவங்க. எனக்கு ஒரு வரியில நாலு தப்பு வரும், உங்களுக்கு வராது. அதனாலதான் கையில குடுத்தேன். இத்த படிக்கிற பொண்ணுங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருத்தி பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து உட்டுக்கினு படிக்கிறா. ஒருத்தி கல்யாணமாயி கொழந்த இருக்கு, புருஷன் தூங்குனதும் படிக்கிறா. எங்கள மாதிரி ஆளுங்க வர்ற கதைய இதுங்க எத்தினி படிச்சிருக்கும்? எல்லாத்துலயும் ஒருத்தி கெணத்துல உழுவா. இல்லன்னா கடைசில எவனையாவது கட்டிக்குவா. அதனால புக்கத் தொறக்கும்போதே கை நடுங்குது அதுங்களுக்கு. இதுல நடுங்க வேணாம்டி, சாவு இல்ல, உக்காந்து படின்னு சொல்றதுக்குத்தான் அந்த மூணு வரி. ஆறு வருஷம் எழுதனது அந்த மூணு வரிக்குத்தான் டீச்சர். நீங்க போயி அத்த மட்டும் எடுத்துப்புட்டீங்க. தெரியாம எடுத்திருந்தா பரவால்ல. இன்னா பண்ணும்னு தெரிஞ்சே எடுத்தீங்க."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் குரல் ஒருமுறையும் உயரவில்லை.

"ஜெனி எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கா. நேத்து மெசேஜ் பண்ணா, சாவாங்களான்னு. இல்லன்னு சொன்னேன். எங்க இருக்கான்னும் தெரியும். உங்களுக்குச் சொல்லலாமான்னு அவளத்தான் கேக்கணும்."

நல்லாத்தான் இருக்கா என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நரைத்த பெண்மணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அவர் தன் ஃபோனில், ஜெனியுடையது அல்லாத ஒரு நம்பரை அழுத்தினார். ஜெனி எடுத்தாள்.

"உங்கம்மா என் எதிர்ல உக்காந்திருக்காங்க. போனு ஸ்பீக்கர்ல இருக்கு, நீ பேசறது அவங்களுக்குக் கேக்கும். இப்ப அவங்க பேசுவாங்க. வாணாம்னா கட் பண்ணிடு."

கட் ஆகவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெனி, அந்த மொத பக்கத்த நான்தான் எடுத்தேன்."

"நெனச்சேன்," என்றாள். "என்ன இருந்துச்சி அதுல? படி."

பக்கத்தில் கிடந்த பிரதியை எடுத்தேன். அவர் கையெழுத்தில் இருந்ததைப் படித்தேன். சாக மாட்டார்கள். பிரிய மாட்டார்கள். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். உறை ஒட்டிக்கொண்டிருந்தவரும் அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தேன்.

"ஏன் மம்மி எடுத்த?"

"நீ பயப்படணும்னு."

மறுமுனையில் யாரோ கன்னடத்தில் மெதுவாக எதையோ கேட்பதும், ஜெனி பதில் சொல்வதும் கேட்டது. அந்தக் குரல் ஃபோனை வாங்கிக்கொண்டது. தங்கியிருக்கும் இடம் நீலசந்திரா என்றது. ஒரு வெல்டிங் கடையை அடையாளம் சொல்லி, அதற்கு மேலே மூன்றாவது மாடி என்றது. எங்கள் தெருவிலிருந்து நடந்தாலே இருபது நிமிடம்.

நான் எழுந்தபோது அவர், எழுதாத ஒரு பிரதியை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார். உட்கார்ந்து மூன்று வரியையும் எழுதினேன்.

வாசல் வரைக்கும் வந்தார். "இன்னொண்ணு டீச்சர். பின்னாடி தெரிஞ்சி நீங்க சங்கடப்படக் கூடாது. இனிமே என் வேல எதையும் உங்க கிட்ட குடுக்க மாட்டேன். ரத்தம் எடுக்கவும் வேற ஆள அனுப்பச் சொல்லிடறேன். கோவம் இருக்கு. எப்ப போவும்னு தெரில. போனா நானே வந்து சொல்றேன்."

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வந்து சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விடுகிறவர் இல்லை என்பதால், இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

நீலசந்திராவில் அந்த வெல்டிங் கடையைக் கண்டுபிடித்து, குறுகலான படியில் ஏறினேன். இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். ஜெனிதான் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. பின்னால் ஈரத் தலையில் துண்டு கட்டிய ஒல்லியான பெண் ஒருத்தி நின்றாள். புத்தகத்தை நீட்டினேன். ஜெனி வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"இது உன் கையெழுத்து."

"ஆமா."

"உள்ள? உள்ள வேற எங்கயாவது கை வெச்சிருக்கியா?"

"இல்ல ஜெனி."

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். படிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பி, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். எடுத்துவிட்ட வரி அச்சில் தடம் விடாது. அது எனக்குத் தெரியும். என் மேசையைப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தாளைக்கூட விடாமல் திருப்பினாள். கீழே வெல்டிங் கடையில் இரும்பு அறுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் படியின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

சஹானா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெனியைத் தாண்டி வந்து, அதை வாசலுக்கு வெளியே, நான் நின்ற இடத்தில் போட்டாள்.

"கூத்கொள்ளி ஆன்ட்டி," என்றாள். பிறகு, உட்காரச் சொன்னது எனக்குப் புரிந்ததோ இல்லையோ என்று, கஷ்டப்பட்டுத் தமிழில் சொன்னாள்: "டைம் ஆகும்."

உட்கார்ந்தேன். ஜெனி அப்போது நாற்பதாம் பக்கத்தில் இருந்தாள்.